பத்தமடைப் பாயும் தேடுசொல்லும்: இணையவழிக் கண்டடைவு பற்றிய ஓர் ஆய்வு

1. எல்லை வகுத்தல்

விக்கிரமசிங்கபுரத்தில் பேருந்து ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறவர் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றின் போக்கோடு கிழக்கே இறங்கிப் பத்தமடையைக் கடக்கிறார். இந்தச் சாலையின் மேல்முனையில், பாபநாசத்து நீர்விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலை இருக்கிறது. கீழ்ப்பகுதியில் ஆற்றங்கரைக் கோரையை நம்பிய பாய்நெசவு இருக்கிறது. இரண்டும் தாமிரபரணியால் பிழைத்தவை. இரண்டும் நூலைத் தொடும் தொழில்கள். ஆனால் வாங்குகிறவரைச் சென்றடையும் முறையில் இரண்டுக்கும் ஒப்புமை இல்லை.

ஆலை நூல் வணிகர் கைவழியே மூட்டை மூட்டையாகப் போயிற்று. அந்த நூலில் நெய்த வேட்டியை உடுத்தியவர் விக்கிரமசிங்கபுரம் என்றொரு ஊர் இருப்பதை அறிய வேண்டியிருக்கவில்லை. அவர் அறியாததால் ஆலைக்கு ஒரு குறையும் நேரவில்லை. பத்தமடைப் பாயின் நிலை வேறு. அதன் பெயரை அறியாதவர் அதைக் கேட்க மாட்டார். கேட்காவிட்டால் கடைக்காரர் வேறொரு பாயைச் சுருட்டிக் கொடுத்துவிடுவார். பெயர் அறியப்படுவதே இந்தத் தொழிலுக்கு உயிர்நிலை. அந்த அறிதல் இன்று பெரிதும் கைப்பேசித் திரையில் நிகழ்வதால், அது எவ்வாறு நிகழ்கிறது, எவ்விடத்தில் தடைபடுகிறது என்பதை முறையாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். சிறுதுறைக் கைவினை என்று நாம் குறிப்பது, வாங்குவோர் தொகை சிறிதாகவும் வாங்குகிற ஒவ்வொருவரின் விருப்பமும் ஆழமாகவும் உள்ள கைத்தொழிலை. கண்டடைவு என்று நாம் குறிப்பது, ஒரு பொருளை அறியாத ஒருவரோ, பொருளை அறிந்தும் செய்பவரை அறியாத ஒருவரோ, செய்பவர் வரை வந்து சேரும் நிகழ்ச்சியை. வரையறையின் அழுத்தம் 'செய்பவர் வரை' என்பதில் இருக்கிறது. பாயின் படத்தைப் பார்த்து வியந்து நகர்ந்தவர் கண்டாரே தவிர அடையவில்லை. விளம்பரத்தில் செய்பவர் வாங்குபவரைத் தேடிப் போகிறார். கண்டடைவில் வாங்குபவர் நடந்து வருகிறார். விற்பனை அதற்குப் பின் தொடங்குவது. ஆதலால் விளம்பரமும் விற்பனையும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

2. பொருளின் இயல்பு

ஒரு பொருள் எவ்வாறு கண்டடையப்படும் என்பதை அப்பொருளின் இயல்பே பெரிதும் தீர்மானிக்கிறது. பச்சைக் கோரையை அறுத்துக் கீறி வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகு ஆற்று நீரில் நாட்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி உலர்த்தி, மேலும் மேலும் மெல்லியதாக வகிர்ந்து, சாயமேற்றுகிறார்கள். சாதாரணப் பாய்க்குப் பருத்தி நூல் பாவு. உயர்ந்த பாய்க்குப் பட்டு நூல் பாவு. பாவு நூலின் நெருக்கத்தை எண்ணால் சொல்வது வழக்கம்: 50, 100, 120, 140. எண் ஏற ஏறக் கோரை இழை மெலிய வேண்டும், வகிரும் கை நிதானிக்க வேண்டும், நாள் கூட வேண்டும். மிக நுண்ணிய பாய் ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அப்படி நெய்த பட்டுப்பாயைத் துணிபோல மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இணையத்தின் பெரிய இடர் இங்கேயே தொடங்குகிறது. 50 எண் பாயும் 140 எண் பாயும் விரல்நகம் அளவுள்ள சிறுபடத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் அதே சிவப்புக் கரை, அதே நடுக்கட்டம். விலை மட்டும் பல மடங்கு வேறு. நுண்மை என்பது தொட்டு அறியும் பண்பு. திரையோ கண்ணுக்கு மட்டும் உரியது. ஆகவே தொடுபண்பைக் கட்புலனுக்கு மாற்றிக் காட்டும் உத்தி ஒன்று தேவைப்படுகிறது. விரித்த பாயைப் படம் எடுப்பதைவிட, மடித்த பாயை உள்ளங்கையில் வைத்து எடுப்பது மேல். நெசவின்மீது ஒரு தையல் ஊசியை வைத்து அருகிலிருந்து எடுப்பது அதனினும் மேல். ஊசியின் தடிமன் எல்லோருக்கும் தெரியுமாதலால், பார்ப்பவர் கோரை இழையின் மெலிவைத் தாமே அளந்துகொள்வார். இதைப் புலமாற்றம் என்று அழைக்கலாம். எண்ணை மட்டும் எழுதி வைப்பதால் புலமாற்றம் நிகழாது. 140 என்பது தறியை அறிந்தவருக்கே பேசும்.

3. இணையத்துக்கு முந்தைய கண்டடைவு

பத்தமடைப் பாய் தன்னை வாங்குவோரை முன்பு எங்கே சந்தித்தது? பெரும்பாலும் கல்யாண வீட்டில். மணமக்களின் பெயரும் மணநாளும் நெய்த பாய் சீராக வரும். முற்றத்திலோ கூடத்திலோ அதை விரிப்பார்கள். வந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், தடவுவார்கள், எங்கே நெய்தது என்று கேட்பார்கள். கேட்டவருக்குப் பெண் வீட்டார் ஊர்ப் பெயரையும் தாம் நெய்யக் கொடுத்த வீட்டையும் சொல்வார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் கண்டடைவின் மூன்று படிகளும் அடங்கியிருந்தன: காட்சி, பெயர், வழி. பொருளைக் காண்பது காட்சி. அதை மறுபடி கேட்பதற்கு உரிய சொல்லைப் பெறுவது பெயர். செய்பவரிடம் போய்ச் சேரும் தடம் வழி. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே உரையாடலில், நம்பத்தக்க ஒருவர் வாயால் கிடைத்தன.

இணையம் இந்த மூன்றையும் பிரித்துவிட்டது. காட்சி ஓரிடத்தில் கிடைக்கிறது, பெயர் வேறிடத்தில், வழி இன்னோரிடத்தில். காட்சி பல்லாயிரம் மடங்கு பெருகியது உண்மை. ஆனால் பிரிந்து கிடப்பவற்றைச் சேர்க்கும் வேலை வாங்குபவர் தலையில் விழுந்திருக்கிறது.

4. தேடுசொல்லின் அறுவகை

தேடுபொறியில் இடும் சொல்லைத் தேடுசொல் என்போம். ஒருவர் எந்தச் சொல்லை இடுகிறார் என்பது அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் காட்டும். தமிழ் இலக்கணம் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக வகுக்கிறது. தேடுசொற்களை அளக்க அந்த வகுப்பு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

பொருட்பெயரால் தேடுபவர் 'பாய்' என்றோ 'கோரைப்பாய்' என்றோ இடுகிறார். கூட்டம் மிகுந்த வாசல் இது. பிளாஸ்டிக் பாயும், யோகா விரிப்பும், விசைத்தறியில் ஓடும் கோரைப்பாயும் அதே சொல்லுக்கு வந்து நிற்கின்றன. பாய் என்ற சொல்லுக்கே கப்பற்பாய், விளிச்சொல், பாய்தலாகிய வினை என்று பல பொருள்கள் இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. சிறுதுறைக் கைவினை இந்த வாசலில் முண்டியடிப்பதில் பயனில்லை என்பது நம் கருத்து. விலையில் ஒருபோதும் வெல்ல முடியாத இடத்தில் நின்று கூவுவது நெய்பவரின் நேரத்தைத் தின்னும்.

காலப்பெயரால் தேடுபவரின் தேடல் மிகக் கூர்மையானது. 'கல்யாணப் பாய்', 'பெயர் போட்ட பாய்', 'சீர்ப்பாய்' என்று இடுபவருக்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு குடும்பம் இருக்கிறது, செலவிடும் மனமும் இருக்கிறது. ஆனால் அவர் முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்பு தேடினால் நுண்பாய் அவருக்கு எட்டாது. எனவே காலப்பெயர்க் கண்டடைவில் செய்பவர் சொல்ல வேண்டிய முதற்செய்தி விலைக்கும் முந்தியது: எத்தனை நாள் ஆகும் என்பது. தை மாதத்துக் கல்யாணத்துக்கான பாய் ஐப்பசியிலேயே கண்ணில் பட்டாக வேண்டும். நாள்கணக்கை வெளிப்படையாக எழுதி வைத்த பக்கம், அழகான படம் மட்டும் போட்ட பக்கத்தைவிட மிகுதியாகப் பயன் தரும்.

சினைப்பெயரும் தொழிற்பெயரும் அறிந்தோர் வாசல்கள். 'பட்டுப் பாவுப் பாய்', 'கைநெசவுப் பாய்', 'இயற்கைச் சாயம்' என்று தேடுபவர் உள்ளலங்கார வல்லுநராகவோ, கைவினைகளைத் திரட்டி வைப்பவராகவோ இருக்கலாம். தொகை மிகச் சிறிது. ஆனால் வந்தால் திரும்பவும் வருவர். குணப்பெயரால் தேடுவோர் கோடையில் பெருகுவர்: குளிர்ச்சி, மென்மை, மடிக்க எளிது என்பன அவர்களின் சொற்கள்.

இடப்பெயரால் தேடுவதில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. இவற்றைக் கலக்கக் கூடாது. தேடுபவர் தம் இடத்தைச் சொல்லித் தேடுவது ஒன்று. பொருளின் இடத்தைச் சொல்லித் தேடுவது மற்றொன்று. 'அருகிலுள்ள பாய்க்கடை' என்பது முதலாவது. கூகுள் நிறுவனம் உள்ளூர்த் தேடலின் வரிசையைப் பொருத்தம், தொலைவு, பரவலாக அறியப்பட்டிருத்தல் என்ற மூன்றால் தீர்மானிப்பதாகத் தானே சொல்கிறது. சென்னையில் அமர்ந்து 'அருகில்' என்று தேடுபவருக்கு 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பத்தமடை தொலைவு என்ற ஒன்றினாலேயே பின்னுக்குப் போய்விடும். பொருளின் இடத்தைச் சொல்லித் தேடும்போதோ அதே தொலைவு பொருட்டாவதில்லை. ஊரே தேடப்படும் பொருளாகிவிடுகிறது.

ஆயினும் முதல் உட்பிரிவு நம் பள்ளத்தாக்குக்குள் பெரும்பயன் உடையது. பாபநாசத்துக்கும் அகத்தியர் அருவிக்கும் திருநெல்வேலி வழியே வருவோரில் பலர் பத்தமடையைக் கடந்து வருகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலுக்கு மேலேறும் கூட்டம் விக்கிரமசிங்கபுரத்தை நிறைத்துக்கொண்டு போகும். அவர்களில் எத்தனையோ பேர் வழிநெடுகக் கையில் நிலப்படத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நெசவு வீடு ஒன்றின் இருப்பிடமும், திறந்திருக்கும் நேரமும், தறியின் படம் ஒன்றும் அந்த நிலப்படத்தில் ஏறியிருந்தால், அது செலவில்லாத கண்டடைவு.

5. இடவாகுபெயர்

ஊர்ப்பெயர் தனியே ஒரு பிரிவில் வைத்து ஆராயத் தக்கது. 'காஞ்சிபுரம் உடுத்தினாள்' என்றால் பட்டு என்று கொள்கிறோம். இடத்தின் பெயர் அவ்விடத்துப் பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்பது இலக்கணம். ஒரு கைவினை கண்டடைவின் உச்சத்தை எட்டியது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. பத்தமடை அந்த நிலையைப் பெரும்பாலும் எட்டிவிட்ட ஊர். பெயரை அறிந்தவர் பாய் என்ற சொல்லைச் சேர்க்காமலே கேட்கிறார்.

இந்தச் செல்வத்துக்கு இணையத்தில் மூன்று ஊறுகள் நேர்கின்றன.

முதலாவது உருச்சிதைவு. தமிழில் ஐந்தெழுத்தாக ஐயமின்றி எழுதப்படும் இப்பெயர், ரோமன் எழுத்தில் பல உருக்களாகப் பிரிந்து கிடக்கிறது. நடுவில் இரண்டு 'டி' இடுவோர் உண்டு. 'டி'யும் 'எச்'சும் சேர்ப்போர் உண்டு. இரண்டு 'டி'யோடு 'எச்'சும் இடுவோரும் உண்டு. இவற்றில் எதையும் பிழை என்று ஒதுக்க முடியாது. எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. பொதுத் தேடுபொறி இவற்றை ஓரளவு ஒன்றென உணரும். ஹேஷ்டேக் அவ்வாறு உணராது. அது எழுத்துக்கு எழுத்து பார்க்கும். ஒரு வீட்டார் ஓர் உருவிலும் அடுத்த வீட்டார் வேறோர் உருவிலும் தம் படங்களை ஏற்றினால், ஒரே தெருவின் உழைப்பு ஒன்றையொன்று காணாத அறைகளில் போய்த் தங்கிவிடும். மாற்று எளியது: வழக்கிலுள்ள எல்லா உருக்களையும் பக்கத்தில் ஒருமுறையேனும் எழுத வேண்டும், தமிழ் உருவை எப்போதும் முதலில் எழுத வேண்டும். படத்துக்குள் எழுத்தாகப் பொறிப்பது போதாது. படத்தினுள் இருக்கும் எழுத்தைப் பொறி படிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாகையால், பெயர் தட்டச்சு செய்த உரையாகவும் இருக்க வேண்டும்.

இரண்டாவது பெயர்க்கலப்பு. 1887-இல் இவ்வூரில் பிறந்த சுவாமி சிவானந்தரைத் தேடி வருபவரும் இதே பெயரைத்தான் இடுகிறார். இதை ஊறு என்று சொல்வதுகூட முழுப்பொருத்தம் இல்லை. அடியவராக ஊரைத் தேடியவர் பாயை அறிந்து திரும்பவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது பெயர்க்கவர்வு. வேறிடத்தில் வேறு முறையில் செய்த பாய்க்கு இந்தப் பெயரைச் சூட்டுவதே அது. இதைத் தடுக்கச் சட்டம் உண்டு. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது; பதிவகம் சென்னையில் அமைந்தது. பத்தமடைப் பாய் 2012-13 ஆண்டில் பதிவு பெற்றது. ஆனால் பொருளுக்குக் கிடைத்த பதிவு வேறு, நெய்பவருக்கு உரிய பதிவு வேறு என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. சட்டத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்றொரு தனிப்பதிவு இருக்கிறது. குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளரைப் போலவே, அதில் தம் பெயரை ஏற்றியவரும் பெயரைக் கவர்ந்தவர்மீது உரிமையோடு வழக்காட முடியும். கண்டடைவின் நோக்கிலும் இது முக்கியமானது. இணையத்தில் பத்துப் பேர் பத்தமடை என்று சொல்லும்போது, தம் அங்கீகாரத்தைக் காட்டக்கூடியவர் ஒருவர் இருந்தால், வாங்குபவரின் ஐயம் அவரிடம் வந்து தீரும்.

இங்கே புகழ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்ட செய்தியை ஊரார் பெருமையோடு சொல்வார்கள். பத்தமடையைப் பற்றி எழுதுவோரும் அதை மறவாமல் சேர்ப்பார்கள். பெருமைக்குரியதே. ஆயினும் அந்தச் செய்தி வாசகரை லண்டனுக்குக் கொண்டுபோய் விடுகிறதே தவிர, நெசவாளர் வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. பெயருக்கு ஒளி சேர்க்கும் கதையின் அடியில் வழி எழுதப்படாவிட்டால், புகழ் வளரும். தறி அப்படியே இருக்கும்.

6. சொல்லிலாக் கண்டடைவு

எந்தத் தேடுசொல்லும் இடாமல், திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது ஒன்று எதிர்ப்படுவதும் கண்டடைவின் வகையே. இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றில் வரும் குறுங்காணொளிகளால் இது நிகழ்கிறது. அங்கே ஒரு படம் மேலும் பலருக்குக் காட்டப்படுவதற்குப் பார்ப்பவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது பெருங்காரணம். கைவினைக்கு இங்கே இயல்பான ஒரு வலிமை இருக்கிறது. கோரைத் தண்டைக் கத்தியால் வகிரும் காட்சியில், கடைசி வரை இழை அறாமல் வருமா என்று கண் தானாகக் காத்திருக்கும். முடிந்த பாயைக் காட்டுவதைவிட முடியாத பாயைக் காட்டுவது பார்ப்பவரை நிறுத்துகிறது.

ஆனால் இந்த வகை பெயரிழப்புக்கு மிக எளிதில் ஆளாகிறது. படம் ஒருவர் கைப்பேசியிலிருந்து வாட்ஸ்அப் வழியே உறவினர் குழுவுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். மூன்றாவது கையில் பெயரும் ஊரும் உதிர்ந்து, 'எவ்வளவு அழகு பாருங்க' என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சும். காட்சி ஆயிரம் வீட்டுக்குப் போயிருக்கும்; வழி ஒரு வீட்டுக்கும் போயிருக்காது.

7. காரணங்களும் முறிவிடமும்

சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணமாகவும், திரிகையைத் துணைக்காரணமாகவும், குயவனை நிமித்தகாரணமாகவும் கூறும். சேரன்மகாதேவிக்கு மேற்கே, மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற காருகுறிச்சியைப் பார்த்தவருக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கண்டடைவுக்கு முதற்காரணம் பாயும் அதன் உண்மையும். துணைக்காரணம் தேடுபொறி, நிலப்படம், இணையச் சந்தை முதலிய கருவிகள். நிமித்தகாரணம் பாயைப் பற்றி வாய்திறந்து பேசும் மனிதர்: நெய்பவரோ, அவர் வீட்டுப் பிள்ளையோ, முன்பு வாங்கியவரோ. இக்காலத்தின் பெரிய மயக்கம் திரிகையைக் குயவன் என்று நினைப்பது. ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டால் வாங்குவோர் வருவர் என்று சொல்லி எத்தனையோ பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. கணக்குத் தொடங்கியபின் யார் பேசுவது என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

இணையச் சந்தைகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவை கையிருப்பில் உள்ள பொருளை ஓரிரு நாளில் அனுப்புவதற்கென அமைந்தவை. நுண்பாய் சொல்லிச் செய்விக்கும் பொருள். சட்டமும் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 2023 அக்டோபர் 1-க்கு முன்பு, இணையச் சந்தை வழியே பொருள் விற்பவர் எவ்வளவு சிறியவராயினும் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றாக வேண்டியிருந்தது. அதன்பின் மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியோருக்கு விலக்கு கிடைத்தது. மாநிலம் கடந்து விற்பவருக்கு அந்த விலக்கு தரப்படவில்லை. பத்தமடையின் வாங்குவோரோ பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கக்கூடியவர்கள்.

கடைசி முறிவிடம் மிகச் சிறியது, மிக அடிக்கடி நேர்வது. எல்லாப் படியும் கடந்து ஒருவர் அழைக்கிறார். நெய்பவர் தறியில் இருக்கிறார். கைப்பேசி வேறொருவர் கையில், வேறோர் ஊரில். அழைப்பு எடுக்கப்படவில்லை. திரும்ப அழைக்கவும் இல்லை. மூன்று படிகளும் சரியாக அமைந்தும், கண்டடைவு வாசற்படியில் நின்றுவிடுகிறது. ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் அழைக்கலாம் என்று எழுதி வைப்பதே இதற்குப் போதுமான மருந்து.

8. நெய்த பெயர்

நம் வீட்டுப் பரணில் ஒரு பாய் இருக்கிறது. பிரித்தால் கோரையின் மணம் இன்னும் மெல்ல எழுகிறது. ஒரு தலைமாட்டில் மணமகள் பெயர், மறு தலைமாட்டில் மணமகன் பெயர், நடுவில் நாள். எழுத்துகள் சற்றே சதுரமாக, வளைய வேண்டிய இடத்தில் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. பாவு நூலை எண்ணி எண்ணி ஒருவர் அந்த வளைவை உண்டாக்கியிருக்கிறார். 'ண'கரத்தின் சுழியில் இரண்டு இழை தவறி, பிறகு திருத்தியிருப்பது உற்றுப் பார்த்தால் தெரிகிறது. கல்யாணம் நடந்ததையும் யாருக்கு நடந்தது என்பதையும் பாய் மறக்கவில்லை. எந்த ஊரில் நெய்தது என்பது மட்டும் அதில் இல்லை. அந்தக் காலத்தில் அது தேவைப்படவில்லை. கேட்டவருக்குச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தார்கள்.

இந்தப் பாயைப் படம் எடுத்து இன்று ஒருவருக்கு அனுப்பினால், மூன்று கை மாறியபின்னும் மணமக்களின் பெயர் படத்தில் இருக்கும். எழுத்து அடியில் ஒட்டியதன்று, நெசவிலேயே இருப்பது. பெயரிழப்புக்கான மாற்று அப்படியானால் தறியிலேயே இருக்கிறது. பாயின் ஒரு மூலையில், கரையை ஒட்டி, ப, த், த, ம, டை என்று ஐந்து எழுத்து நெய்யலாம். ஒற்றின் புள்ளி ஒன்று. ஐகாரக் கொம்பு ஒன்று. மணமக்களின் பெயரை நெய்யத் தெரிந்த கைக்கு அது புதிய வேலை இல்லை.